ஏலக்காய் மென்றால் தீராது: வாய் நாற்றம் பற்றி ஓர் ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 38. ஒரு வருடமாக வாய் நாற்றம் இருக்கிறது. நோட்டுத் திருத்தும்போது பக்கத்தில் வந்து நிற்கும் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்று ஆறு மாதம் கேஸ் மாத்திரை சாப்பிட்டேன். எண்டோஸ்கோப்பியும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றார்கள். தினம் மூன்று வேளை பல் தேய்க்கிறேன். தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம் வரும், அது வெகுநாளாக உள்ளதுதான். கைப்பையில் எப்போதும் ஏலக்காய் வைத்திருப்பேன். தூசு அலர்ஜிக்கு இரவில் மாத்திரை உண்டு. செவ்வாய், வெள்ளி விரதம் இருப்பேன். பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று என் மாமியார் சொல்கிறார்கள். அவர்கள் பல் செட் போட்டிருக்கிறார்கள், வெற்றிலையும் போடுவார்கள். அவர்கள் வாயிலும் இதே வாடை இருக்கிறது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுமா? கணவரிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது. ‘தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம் வரும், அது வெகுநாளாக உள்ளதுதான்.’ நல்ல ஈறில் மெத்தென்ற பிரஷ் பட்டால் ரத்தம் வராது. வருகிறதென்றால் ஈறு வீங்கியிருக்கிறது, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அழுக்கு தங்கியிருக்கிறது. நேரில் வாயைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் தொல்லைக்கு வயிற்றைவிட வாய்தான் காரணமாக இருக்கும் என்று தைரியமாகச் சொல்கிறேன். நாற்றத்தோடு வருகிறவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயேதான் இருக்கும்.

நம் பக்கத்தில் வாய் நாறுகிறது என்றால் உடனே ‘வயிறு சரியில்லை, குடல் சுத்தமில்லை’ என்பார்கள். உணவுக்குழாய் எந்நேரமும் திறந்து கிடக்கும் குழாய் அல்ல. விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும் திறக்கும், மற்ற நேரம் மூடியே இருக்கும். புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், சாப்பிட்டது எதுக்களித்து வருவது என்று இருந்தால் வயிற்றையும் பார்க்க வேண்டியதுதான். உங்களுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. எண்டோஸ்கோப்பியும் நன்றாகவே வந்திருக்கிறது. எனவே கேஸ் மாத்திரையை இனியும் தொடர வேண்டுமா என்று அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். இந்த ஆறு மாதத்தில் யாராவது ஒருவர் உங்களை வாயைத் திறக்கச் சொல்லி விளக்கு அடித்துப் பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாற்றம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்து பயனில்லை என்பது உங்களுக்கே விளங்கிவிடும். காற்றுப் படாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் எல்லோருடைய வாயிலும் உண்டு. நாக்கின் பின்பகுதி, பல் இடுக்கு, ஈறுக்கு அடியில் உள்ள பள்ளம் இவைதான் அவற்றுக்குப் பிடித்த இடங்கள். சாப்பாட்டுத் துணுக்கு, உதிர்ந்த தோல் அணுக்கள், ஈறிலிருந்து கசியும் ரத்தம், மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் சளி ஆகியவற்றில் உள்ள புரதத்தை அவை சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளிவருகின்றன. அதில் ஒன்று ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டையில் வருமே அதே வாடை. இன்னொன்று மெத்தில் மெர்காப்டன். ஈறு நோய் உள்ளவர்களிடம் இது கூடுதலாக இருக்கும்.

ஏலக்காய், கிராம்பு, சோம்பு, சூயிங்கம் எல்லாம் அந்த வாடையின் மேல் இன்னொரு வாசனையைப் போடும், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். மெல்லும்போது உமிழ்நீர் ஊறுவதால் கொஞ்சம் நன்மை உண்டு, மறுக்கவில்லை. அதற்காகச் சர்க்கரை சேர்த்த மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டே இருந்தால் சொத்தைதான் வரும்.

இனி ஈறு. பல்லின் மேல் படியும் மெல்லிய அழுக்கைத் தினமும் எடுக்காவிட்டால் அது கெட்டிப்பட்டுக் காரையாகிவிடும். கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக, பல்லுக்குப் பல் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே சுவராகத் தட்டுப்பட்டால் அது காரை. இதை எந்தப் பேஸ்ட்டும் பிரஷும் எடுக்காது. மூன்று வேளைக்கு ஆறு வேளை தேய்த்தாலும் எடுக்காது. பல் மருத்துவர் கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் மாமியார் சொல்வது போல, சுத்தம் செய்தபின் பல் ஆடுவதாகச் சிலருக்குத் தோன்றுவது உண்மைதான். அவர்கள் பொய் சொல்லவில்லை, தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. ஈறு நோயால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்து போயிருக்கும். அந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டு பற்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. ஈறு வீக்கம் வடிந்து சுருங்குவதால் பல் நீண்டதுபோலவும் தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். பல்லை ஆட வைப்பது உள்ளே இருக்கும் நோய். சுத்தம் செய்யாமல் விட்டால் எலும்பு மேலும் கரையும், நாளைக்குப் பல் தானாகவே விழும். இந்தப் பயத்தினாலேயே ஐம்பது வயதில் பாதிப் பற்களை இழந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

மருத்துவரிடம் போனால் முதலில் அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் ஆழத்தைப் பார்ப்பார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் சரி. நான்கு, ஐந்து, அதற்கு மேல் என்றால் உள்ளே பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே மேலாகச் சுத்தம் செய்தால் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரை சுத்தம் செய்ய வேண்டும். ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று தடவை வரச் சொல்லலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்பவும் அளந்து பார்த்தால்தான் குணமானது தெரியும். ‘ஒருமுறை சுத்தம் செய்தேன், ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது’ என்று சொல்கிறவர்களில் பலர் இப்படித் திரும்ப அளந்து பார்க்க வராதவர்கள்.

ஈறில் ரத்தம் வருவதால் சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை நல்லது. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையும் கட்டுப்படாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்தது நாக்கு. முகப்பையும் வளவையும் தினம் கழுவித் துடைத்துவிட்டு அடுப்படிப் பக்கமே போகாமல் இருந்தால் வீடு மணக்குமா? மூன்று வேளை பல் தேய்த்தும் நாற்றம் போகாதவர்களில் பலர் நாக்கின் பின்பக்கத்தைத் தொட்டதே இல்லை. வழிக்கிறவர்களும் முன்பாதியோடு நிறுத்திவிடுவார்கள், ஓக்காளம் வரும் என்ற பயம். ஒரு ஸ்பூனைத் திருப்பிப் பிடித்து நாக்கின் பின்பகுதியை மெல்ல வழித்துப் பாருங்கள். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வழவழவென்று வரும். சில வினாடி காயவிட்டு முகர்ந்தால், பிள்ளைகளின் மூக்குக்கு எட்டுவது அதுவா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நாக்கு வழிக்க, வளைந்த ஸ்டீல் அல்லது செம்புக் கம்பி போதும், விலையும் குறைவு. நாக்கை நன்றாக வெளியே நீட்டுங்கள், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே கம்பியைப் பின்னால் வைத்து மெல்ல முன்னால் இழுங்கள். மூச்சு வெளியே போகும்போது ஓக்காளம் குறையும். நான்கைந்து இழுப்பு போதும், ஒவ்வொரு தடவையும் கம்பியை அலசிக்கொள்ளுங்கள். ரத்தம் வருமளவுக்குச் சுரண்டக் கூடாது. முதல் வாரம் பாதி தூரம்தான் போக முடியும், பிறகு பழகிவிடும். காலையில் மட்டும் செய்தால் போதாது, இரவு படுக்கும் முன் கட்டாயம்.

பல் இடுக்கும் இதே போலத்தான். நம் ஊர்ச் சாப்பாடு அப்படி. சுக்கா வறுவலில் ஆட்டுக்கறி நார், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் கடைவாய்ப் பல் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை ஊக்கு, தீக்குச்சி, பழைய குண்டூசி என்று கைக்குக் கிடைத்ததால் குத்துவார்கள். ஈறு கிழிந்து இடுக்கு இன்னும் பெரிதாகும். அதற்கென்றே மருந்துக் கடைகளில் இடுக்குப் பிரஷ் கிடைக்கிறது. பாட்டில் கழுவும் பிரஷைக் குட்டியாக்கியது போல இருக்கும், பல அளவுகளில் வரும். இடுக்கில் லேசாக உரசிக்கொண்டு போய் வரும் அளவு எதுவோ அதுதான் உங்களுக்கானது, வலிந்து திணிக்க வேண்டாம். நெருக்கமான பற்களுக்கு ஃப்ளாஸ் நூல். தினம் இரவு ஒருமுறை போதும். இரண்டு பற்களுக்கு நடுவே விட்டு எடுத்ததை முகர்ந்து பாருங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வாடை தூக்கலாக இருந்தால் அங்கே சொத்தையோ, சரியாக உட்காராத கேப்போ, பழைய அடைப்பில் விரிசலோ இருக்கலாம். மருத்துவரிடம் அந்த இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அரைகுறையாக முளைத்து ஈறு மூடிக் கிடக்கும் ஞானப் பல்லும் அப்படி ஒரு இடம்தான்.

இப்போது உங்கள் வாழ்க்கை முறையைப் பற்றிக் கொஞ்சம். நீங்கள் ஆசிரியை. நாள் முழுக்கப் பேசுகிறீர்கள், வாய் காய்கிறது. பள்ளியில் கழிப்பறை வசதி சரியில்லாததால் தண்ணீரே குடிக்காமல் மாலை வரை ஓட்டும் ஆசிரியைகள் என்னிடம் நிறைய வருகிறார்கள். நீங்களும் அப்படி இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, மற்ற ஆசிரியைகளோடு சேர்ந்து நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டிய வசதி அது. உமிழ்நீர்தான் வாயை ஓயாமல் கழுவிக்கொண்டிருப்பது. அது குறைந்தால் நாற்றம் கூடும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால்தான் காலையில் யாருக்கும் வாய் நாறுகிறது. அது நோயல்ல, பல் தேய்த்துச் சாப்பிட்டால் போய்விடும்.

அலர்ஜி மாத்திரைகள் பலவும் வாயைக் காய வைக்கும். மனச்சோர்வுக்குக் கொடுப்பவை, ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் அப்படித்தான். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். வாய் காய்கிறது என்று எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கும். தூசு அலர்ஜியில் மூக்கடைத்து இரவெல்லாம் வாயால் மூச்சு விடுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். மூக்கைச் சரிசெய்தாலே பாதி குறையலாம்.

விரதத்தை விடச் சொல்ல மாட்டேன். முத்துமாரியம்மனுக்குக் காப்புக் கட்டி இருக்கிறவர்களும், சஷ்டி இருக்கிறவர்களும், தை மாதம் பழனிக்கு நடக்கிறவர்களும் நிறைந்த ஊர் இது. வெறும் வயிற்றோடு இருந்தால் மெல்லுவது இல்லாமல் உமிழ்நீர் குறையும், உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்தால் மூச்சிலும் ஒரு வாடை வரும். விரதத்தில் தண்ணீர் குடிக்கத் தடை இல்லையென்றால் அடிக்கடி குடியுங்கள், வாய் கொப்பளியுங்கள், அன்றைக்கும் நாக்கு வழியுங்கள். ‘விரத நாளில் பிரஷ் வைக்கக் கூடாது’ என்று சில வீடுகளில் உண்டு. பேஸ்ட் வேண்டாமென்றால் வெறும் பிரஷால் தண்ணீர் தொட்டாவது தேய்த்துவிடுங்கள்.

பூண்டு, வெங்காயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பூண்டுக் குழம்பு இல்லாமல் நமக்கு நாள் போகாது என்பதால் சொல்கிறேன். பூண்டிலிருந்து வரும் ஒரு கந்தகப் பொருள் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வரும். எவ்வளவு பல் தேய்த்தாலும் சில மணி நேரம் இருக்கத்தான் செய்யும். அது தற்காலிகம். முக்கியமான நாளில் மட்டும் தவிர்த்தால் போதும்.

பல் தேய்க்க ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், மெல்லிய பிரஷ், காலையும் இரவும் இரண்டு நிமிடம். உங்களுக்கு மூன்றாவது வேளை தேவையில்லை, அந்த நேரத்தை நாக்குக்கும் இடுக்குக்கும் கொடுங்கள். ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விடாதீர்கள், அங்கேதான் மென்மையாக, கவனமாகத் தேய்க்க வேண்டும். கரித்தூள், செங்கல்தூள், உப்பு வைத்துத் தேய்ப்பது வேண்டாம், எனாமல் தேயும். நல்லெண்ணெய் கொப்பளிக்கப் பிடித்தால் செய்யுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் காரையை அது கரைக்காது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நல்ல மருந்துதான், ஆனால் மருத்துவர் சொன்ன நாளைக்கு மட்டும், பொதுவாக இரண்டு வாரம். மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். பல் தேய்த்த உடனே அந்த மவுத்வாஷை வாயில் ஊற்றினால் பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் குறைத்துவிடும், அரை மணி இடைவெளி விடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடுவது இங்கே சகஜமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். நாற்றம் நான்கு நாள் குறையும், காரை அப்படியே இருக்கும், திரும்பவும் வரும்.

உங்கள் மாமியாரைப் பற்றி. நாற்றம் ஒட்டாது, அந்தக் கவலையை விடுங்கள். அவர்களுக்குக் காரணம் வேறு. பல் செட்டை இரவிலும் கழற்றாமல் தூங்குகிறார்களா என்று பாருங்கள். பல ஆச்சிமார் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கழற்றுவதே இல்லை. அந்தப் பிளாஸ்டிக்கின் உட்பக்கம் சொரசொரப்பானது, அதில் காளான் வகைக் கிருமி படியும், மேலண்ணம் சிவந்து போகும். இரவில் கழற்றி, சோப்பும் மெல்லிய பிரஷும் வைத்துக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் வளைந்துவிடும். காலையில் ஈறையும் அண்ணத்தையும் நனைத்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

வெற்றிலை விஷயம் நாற்றத்தோடு முடிவதில்லை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு ஆபத்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் வைத்தது. விசேஷத் தட்டில் வைக்கும் வெற்றிலை பாக்குக்கு உள்ள மரியாதை வேறு, தினம் கன்னத்தில் அடக்கி வைப்பது வேறு. இரண்டு வாரம் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமல் இறுகுவது, பல் செட் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருப்பது இதில் எது இருந்தாலும் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள். உங்களோடு சேர்த்தே அவர்களையும் கூட்டிக்கொண்டு போனால், பல்லைச் சுத்தம் செய்வது பற்றிய பயமும் நேரில் பார்த்துப் போய்விடும்.

கணவரிடம் கேளுங்கள். நாற்றம் தனக்கே சரியாகத் தெரியாது, மூக்கு பழகிவிடும். மணிக்கட்டை நக்கிக் காயவிட்டு முகர்வதும் ஓரளவுக்குத்தான். பக்கத்தில் இருக்கிற ஒருவர் சொல்வதுதான் நம்பத்தக்கது. பல வீடுகளில் கணவன் மனைவிக்கு நடுவே இது பேசப்படாமலே கிடந்து, மனஸ்தாபமாக வளர்வதைப் பார்த்திருக்கிறேன். நாற்றமே இல்லாதபோதும் இருப்பதாக நம்பிக்கொண்டு கூட்டத்துக்குப் போகாமல் ஒதுங்குகிறவர்களும் உண்டு. பிள்ளைகள் முகத்தைத் திருப்பியது வேறு எதற்காகவும் இருந்திருக்கலாம். ‘உண்மையைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்’ என்று ஒருமுறை கேட்டுவிட்டால் இரண்டில் ஒன்று தெளிந்துவிடும்.

ஈறு சிகிச்சை முடிந்து, நாக்கும் இடுக்கும் சுத்தமாக இருந்து, எட்டு வாரம் கழித்தும் நாற்றம் இருந்தால் அடுத்ததாகக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். டான்சில் குழிகளில் வெள்ளையாக அரிசிமணி போலக் கட்டி சேர்வதும், சைனஸ் சளியும் காரணமாகலாம். மூச்சில் பழம் கனிந்த வாடையோடு அதிக தாகம், வாந்தி, மயக்கம் என்றால் அது கட்டுப்படாத சர்க்கரையின் அடையாளம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர் போன்ற வாடையும் கால் வீக்கமும் சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். இவை அபூர்வம், உங்களுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

செலவு யோசனையாக இருந்தால் காரைக்குடி அரசு மருத்துவமனையிலும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. புதுக்கோட்டையில் 2023-இல் திறந்த அரசு பல் மருத்துவக் கல்லூரியும் நமக்குப் பக்கம்தான். போகும் நாளில் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஏலக்காய், மவுத்வாஷ் வேண்டாம், சென்ட்டும் போட வேண்டாம். நாற்றம் இருக்கிறபடியே மருத்துவருக்குத் தெரிந்தால்தான் அவரால் சரியாகச் சொல்ல முடியும். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாய் நாறுகிறது, அதற்காகத்தான் வந்தேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பல் வலி என்று சொல்லிச் சுற்றி வளைத்தால் வலிக்கிற பல்லை மட்டும்தான் பார்த்து அனுப்புவார்கள்.